கிளாசிக் 350-க்கு ஃபேன் வைத்த ஆயில் கூலர்: வேலைக் குறிப்புகள்

வண்டி ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350, பழைய யு.சி.இ. எஞ்சின் (எஞ்சினும் கியர் பாக்ஸும் ஒரே கூட்டில் இருக்கும் ரகம்). 346 சி.சி., போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ., கம்ப்ரஷன் 8.5:1, ஆயில் 15டபிள்யூ50. ஓடும்போது அடிக்கும் காற்றுதான் இதற்குக் கூலிங். ஆயில் கூலர், அதாவது ஆயிலைக் குளிர்விக்கும் சின்ன ரேடியேட்டர், இதற்குக் கம்பெனி கொடுக்கவில்லை. 2016-இல் வந்த 411 சி.சி. ஹிமாலயனுக்குக் கொடுத்தது, பஜாஜ் பல்சர் 220-லும் இருக்கிறது. ஆனால் இரண்டிலுமே கூலருக்கு ஃபேன் கிடையாது. வண்டி ஓடினால்தான் அவற்றுக்கும் காற்று. மே மாதம் சென்னை கத்திப்பாரா சந்திப்பு நெரிசலில் இருபது நிமிடம் நின்றால் கூலர் இருந்தும் இல்லாத கதைதான்.

ஃபேன் வைப்பது அந்த இருபது நிமிடத்துக்காக. 80 கி.மீ. வேகத்தில் போகும்போது அதனால் எந்தப் பயனும் இல்லை, தப்பாக மாட்டினால் கெடுதல்தான். இது மனதில் இருந்தால் பாதித் தவறுகள் நடக்காது.

வாங்கும் முன் அளக்க வேண்டியது

"வண்டி ரொம்ப ஹீட் ஆகுது" என்று வருகிற வண்டிகளில் கூலர் தேவைப்படுபவை கொஞ்சம்தான். ஆயில் லெவல் குறைவு, கார்புரேட்டரில் பெட்ரோல் கம்மியாகப் போவது, பிரேக் ஒட்டிக்கொண்டு சுற்றுவது, கிளட்ச் வழுக்குவது, எஞ்சின் ஃபின்களுக்கு (சூட்டைக் காற்றுக்குக் கொடுக்கும் தகடுகள்) நடுவே காய்ந்த சேறு — இதில் எது இருந்தாலும் எஞ்சின் சுடும். இவற்றைச் சரிசெய்யாமல் கூலர் மாட்டினால் நோயை விட்டுவிட்டு நெற்றிக்குப் பற்றுப் போட்ட மாதிரி.

ஆயிலின் சூட்டை அளக்க, மல்டிமீட்டரோடு வரும் கே-டைப் தெர்மோகப்பிள் (சூடு அளக்கும் ஒயர்) போதும். அதன் முனையை ஆயில் வடிக்கும் ட்ரெயின் போல்ட்டின் தலையோடு அழுத்திவைத்து, மேலே கண்ணாடி நார் டேப்பை நாலு சுற்று சுற்றி மூடுங்கள். மூடாவிட்டால் வெளிக்காற்று பட்டு அளவு குறைவாகக் காட்டும். கையில் பிடிக்கும் லேசர் துப்பாக்கித் தெர்மாமீட்டர் பளபளக்கும் அலுமினியத்தில் ரொம்பக் குறைத்துக் காட்டும். உலோகம் பளபளப்பாக இருக்க இருக்க அது வெளிவிடும் அகச்சிவப்புக் கதிர் குறைவு, காரணம் அதுதான். அளக்கும் இடத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு மேட் கறுப்புப் பெயிண்ட் அடித்துவிட்டு அளந்தால் ஓரளவு நம்பலாம்.

ஆயில் 90 முதல் 110 டிகிரிக்குள் இருந்தால் நல்ல நிலை. 120 வரை நல்ல ஆயில் தாங்கும். 130-ஐத் தாண்டி அடிக்கடி போனால் கூலர் பற்றி யோசிக்கலாம். ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயில் காற்றோடு சேர்ந்து கெடும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். நெரிசலில் அரை மணி நின்ற பிறகும் 115-தான் காட்டுகிறது என்றால் காசை மிச்சம் பிடியுங்கள்.

இன்னொன்று. ஆயில் கூலர் குளிர்விப்பது ஆயிலை. இந்த எஞ்சினில் ஹெட்டுக்குப் போகும் ஆயில் கொஞ்சம்தான், அதுவும் வால்வைத் திறக்கும் ராக்கரை நனைக்கப் போவது. அதனால் ஹெட் சூடு பெரிதாக இறங்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆயில் கெட்டியாக இருப்பதும், அதனால் பேரிங்குகளும் கியர்களும் தப்பிப்பதும்தான் இதில் கிடைக்கும் லாபம்.

எவ்வளவு காற்று, எவ்வளவு ஆயில்

கணக்கு போட்டுப் பார்க்காமல் ஃபேன் வாங்குவதால்தான் கம்ப்யூட்டர் ஃபேனை வண்டியில் மாட்டி ஏமாறுகிறார்கள். ஐடிலில், அதாவது வண்டி நின்று எஞ்சின் மட்டும் ஓடும்போது, மணிக்கு அரை லிட்டர் பெட்ரோல் எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல். அரை லிட்டர் ஒரு மணியில் எரிந்தால் சுமார் 4.4 கிலோவாட். அதில் எட்டில் ஒரு பங்கு ஆயிலுக்குப் போகிறது என்றால் 550, ரவுண்டாக 600 வாட். சின்ன இஸ்திரிப் பெட்டி ஒன்றின் சூடு.

கூலருக்குள் 35 டிகிரியில் நுழையும் காற்று 60 டிகிரியில் வெளியே வந்தால், 600 வாட்டை எடுத்துப்போக நொடிக்கு 21 லிட்டர் காற்று வேண்டும். மணிக்கு 76 கன மீட்டர். இது கூலரின் ஃபின்களுக்குள் நுழைந்து வெளியேற வேண்டிய காற்று. ஃபேன் பெட்டியில் அச்சடித்திருப்பது தடையில்லாத இடத்தில் ஊதும் அளவு. ஃபின்னுக்கு முன்னால் வைத்ததும் அதில் பாதிகூடத் தேறாமல் போகலாம். அதனால் அட்டையில் குறைந்தது 150 கன மீட்டர் போட்ட ஃபேன் தேவை. 120 மி.மீ. கம்ப்யூட்டர் ஃபேன் எண்ணிக்கையில் இதை நெருங்கும், ஆனால் தடையை எதிர்த்துத் தள்ளும் தெம்பு அதற்கு இல்லை. மழைத்தண்ணீரும் சிங்கிள் சிலிண்டர் அதிர்வும் சேர்ந்து சில மாதங்களில் அதன் பேரிங்கை முடித்துவிடும். தண்ணீரில் குளிரும் வண்டிகளின் ரேடியேட்டர் ஃபேன்தான் சரி. பல்சர் என்.எஸ். 200, டியூக் 200 ஆகியவற்றின் ஃபேன் ஸ்பேராகவே கிடைக்கும். அதிர்வு, தண்ணீர் இரண்டையும் மனதில் வைத்துச் செய்தவை. இந்த அளவு ஃபேன்கள் பொதுவாக 2 முதல் 4 ஆம்பியர் எடுக்கும்.

ஆயில் பக்கம்: நிமிடத்துக்கு 2 லிட்டர் கூலர் வழியாகப் போனால் 600 வாட்டை இறக்க ஆயில் 10 டிகிரி குளிர்ந்தால் போதும். 1 லிட்டர்தான் போகிறது என்றால் 20 டிகிரி குளிர வேண்டும், கூலரின் கடைசிப் பகுதி சும்மா கிடக்கும். ஐடிலில் எஞ்சின் 1000 ஆர்.பி.எம்.; ஆயில் பம்ப் எஞ்சினோடு சேர்ந்து சுற்றுவதால் 4000-இல் தள்ளுவதில் கால்வாசிதான் ஐடிலில் தள்ளும். காற்று இல்லாத அதே நேரத்தில் ஆயிலும் குறைந்துவிடுகிறது. ஃபேனை எவ்வளவு பெரிதாக வைத்தாலும், ஆயில் வராவிட்டால் அது வெறும் தகட்டைத்தான் குளிர்விக்கும். முதலில் தீர்க்க வேண்டியது ஆயில் பாதை. ஃபேன் கடைசி வேலை.

எங்கிருந்து எடுத்து எங்கே விடுவது

வலது பக்கக் கவரில் வட்ட மூடிக்குப் பின்னால் ஆயில் ஃபில்டர். பம்ப் தள்ளும் ஆயில் ஃபில்டரின் வெளிப்பக்கம் வந்து, காகிதத்தைத் தாண்டி நடுத்துளைக்குள் போய், அங்கிருந்து எஞ்சினுக்குப் போகும். அந்த மூடிக்குப் பதிலாக இரண்டு துளை உள்ள அடாப்டர் மூடி வைத்து, ஒன்றில் எடுத்துக் கூலருக்கு அனுப்பி, இன்னொன்றில் திரும்பப் பெறுவதுதான் வழக்கமான முறை.

இங்கேதான் மோசமான தவறு ஒளிந்திருக்கிறது. சில அடாப்டர்களில் ஒரு துளை ஃபில்டரின் வெளி அறையிலும், மற்றது நடுத்துளையிலும் நேராகத் திறந்திருக்கும். பார்க்க ஒழுங்காகவே தெரியும். ஆனால் யோசித்துப் பாருங்கள்: வெளி அறையில் நிற்கும் அழுக்கு ஆயிலுக்கு இப்போது இரண்டு வழி. காகிதத்தைத் துளைத்துப் போகலாம், அல்லது கூலரைச் சுற்றிக்கொண்டு நேராக நடுத்துளைக்குப் போகலாம். தடை எதில் குறைவோ அதில் போகும். அதாவது ஆயிலின் ஒரு பகுதி வடிகட்டப்படாமலே பேரிங்குக்குப் போகிறது. வண்டி நன்றாகவே ஓடும், யாருக்கும் தெரியாது, பல ஆயிரம் கி.மீ. கழித்துத் தெரியும்.

சோதிக்க எளிய வழி உண்டு. ஃபில்டரை எடுத்துவிட்டு, அதே உயரமும் அதே உள், வெளி அளவும் கொண்ட கெட்டி நைலான் உருளை ஒன்றை லேத்தில் கடைந்து ஃபில்டர் இடத்தில் வையுங்கள். நடுத்துளை மட்டும் விட்டு, பக்கங்கள் முழுக்க அடைத்தபடி இருக்க வேண்டும். அடாப்டரை ஓ-ரிங்குகளோடு பொருத்தி, கூலருக்குப் போகும் துளையில் வாயால் ஊதுங்கள். மற்றத் துளையை விரலால் மூடியிருக்கும்போது நடுத்துளை வழியாகக் காற்று வெளியே வரக் கூடாது. வந்தால் மூடிக்குள்ளேயே கசிவு. பிறகு உண்மையான ஃபில்டரை வைத்து, திரும்பி வரும் துளையில் ஊதினால் காற்று எந்த அறைக்குப் போகிறது என்று பாருங்கள். அது ஃபில்டரின் வெளி அறைக்குப் போனால் நல்ல அடாப்டர்: குளிர்ந்த ஆயில் ஃபில்டரைத் தாண்டித்தான் எஞ்சினுக்குப் போகும். நேராக நடுத்துளைக்குப் போய், எடுக்கும் துளையும் வெளி அறையிலேயே இருந்தால் அந்த மூடியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஆயில் முழுவதும் கூலர் வழியாகப் போகும்படி வைத்தால் கூலிங் நன்றாக இருக்கும், ஆனால் கூலர் அடைத்தால் எஞ்சின் சீஸ், அதாவது ஆயில் இல்லாமல் இறுகி நின்றுவிடும். காலையில் குளிர்ந்த ஆயில் இன்னொரு தொல்லை. 50 கிரேடு ஆயிலின் பாகுநிலை 100 டிகிரியில் 16.3 முதல் 21.9 சென்டிஸ்டோக், அதுவே 40 டிகிரியில் சுமார் 130-150. ஊட்டி, கொடைக்கானல் காலையில் இன்னும் பல மடங்கு. அந்தக் கூழ் மெல்லிய கூலர் குழாய்களில் நுழைய முடியாமல் நிற்கும்போது மற்றொரு வழி வேண்டும். சுமார் 80 டிகிரியில் திறக்கும் தெர்மோஸ்டாட் கட்டை ஒன்றை இரண்டு ஹோஸ்களுக்கும் நடுவே போட்டால் அது தீரும். ஆயில் சூடாகும்வரை கூலருக்குள் போகாமல் குறுக்கே போய்த் திரும்பிவிடும். மழைக்காலத்தில் பக்கத்துத் தெருவுக்குப் போய் வருகிற வண்டிக்கும் இது அவசியம். ஆயில் சூடேறாவிட்டால் உள்ளே சேரும் ஈரம் ஆவியாகாது. ஆயில் ஊற்றும் மூடியின் உட்பக்கம் வெள்ளை மோர் மாதிரி ஒட்டியிருந்தால் அதுதான்.

சிலர் பிரஷர் உள்ள ஏதாவது ஒரு துளையிலிருந்து 'T' வடிவ இணைப்பு போட்டு எடுத்து, 1.5 மி.மீ. ஜெட் (சின்னத் துளை உள்ள திருகு) வழியாகக் கூலருக்கு விட்டு, நேராக சம்ப்புக்கு (எஞ்சின் அடியில் ஆயில் நிற்கும் இடம்) திருப்புவார்கள். கூலர் அடைத்தாலும் எஞ்சின் சாகாது என்பது நல்ல விஷயம். ஆனால் சூடான ஆயிலும் ஒரு பார் பிரஷரும் இருந்தால்தான் 1.5 மி.மீ. துளையில் நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் போகும். ஐடிலில் அவ்வளவு பிரஷர் நிற்காது. நெரிசலுக்காக ஃபேன் வைக்கிற வேலைக்கு இந்த முறை பொருந்தாது. ஜெட் இல்லாமல் விட்டால் இன்னும் மோசம், பேரிங்குக்குப் போக வேண்டியது சம்ப்பில் கொட்டும்.

கூலர், ஹோஸ், இணைப்பு

ஃபின் பகுதி சுமார் 180 × 100 மி.மீ. இருந்தால் இந்த எஞ்சினுக்குத் தாராளம். ஹிமாலயன், பல்சர் 220 கூலர் இரண்டும் ஸ்பேராகக் கிடைக்கும். பழைய பாகங்கள் விற்கும் சென்னைப் புதுப்பேட்டையில் கூலர் மலிவாகக் கிடைக்கும் என்று போவதற்கு முன் ஒரு கேள்வி: அது எந்த எஞ்சினிலிருந்து கழன்றது? சீஸ் ஆன எஞ்சினோடு வந்த கூலரின் குழாய்களுக்குள் உலோகத் தூள் ஒட்டியிருக்கும். மண்ணெண்ணெய் ஊற்றி இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி அலசி, வெளியே வருவதை வெள்ளைத் துணியில் பிடியுங்கள். மூன்றாவது அலசலிலும் மினுமினுப்பு தெரிந்தால் தூக்கிப் போடுங்கள். அந்தத் தூள் முழுதாக வெளியே வரவே வராது.

பழையதோ புதியதோ, ஒரு துளையை அடைத்து மறுதுளையில் 3 பார் காற்று ஏற்றி, வாளித் தண்ணீரில் பத்து நிமிடம் அமுக்கி வைத்துப் பார்க்க வேண்டும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

ஹோஸ்: உள் விட்டம் 8 மி.மீ. ஹைட்ராலிக் ஹோஸ் கடையில் கேட்டால் சாதாரண எஸ்.ஏ.இ. 100ஆர்1 ஹோஸை வெட்டிக் கிரிம்ப் செய்து தருவார்கள். பிரஷர் தாங்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதன் வெப்ப வரம்பு 100 டிகிரி. நாம் அனுப்பப்போவது 120 டிகிரி ஆயில். உள்ரப்பர் கெட்டிப்பட்டு வெடித்து, துகள்கள் ஆயிலில் கலக்கும். 150 டிகிரி தாங்கும் ரகம் என்று கேட்டு வாங்குங்கள், அல்லது மேலே ஸ்டீல் பின்னல் போட்ட டெஃப்லான் ஹோஸ். பெட்ரோல் ஹோஸும் ஸ்க்ரூ கிளிப்பும் இந்த வேலைக்கு ஆகவே ஆகாது.

பேன்ஜோ போல்ட்டுகளுக்கு (ஹோஸ் முனை வளையத்தை மாட்டும், உள்ளே துளையுள்ள போல்ட்) புதுச் செம்பு வாஷர், இரண்டு பக்கமும். கழற்றிய வாஷர்தான் இருக்கிறது என்றால் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடி மிருதுவாகும். அடாப்டர் மூடியின் ஓ-ரிங் சூடு தாங்கும் விட்டான் ரப்பர் ரகமாக இருக்கட்டும். சாதாரண நைட்ரைல் இந்தச் சூட்டில் சில மாதங்களில் பிளாஸ்டிக் வளையம் மாதிரி ஆகிவிடும். மரையில் டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள், நூல் பிரிந்து ஆயில் பாதைக்குள் போகும். சந்து அடைக்கும் அனபாண்ட் பசையைத் தாராளமாக அப்பினாலும் அதே கதிதான்: உள்பக்கம் பிதுங்கிய புழு ஒருநாள் அறுந்து, எங்கே அடைக்கக் கூடாதோ அங்கே போய் உட்காரும்.

எம்6 போல்ட்டுகளுக்கு 10 நியூட்டன் மீட்டர் போதும். அலுமினியத்தில் மரை போனால், புது மரைக்குக் கம்பிச் சுருள் வைக்கும் ஹெலிகாயில் செலவு.

இடம்

சேசிஸின் முன்குழாயில், மட்கார்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவே. கூலரைப் பிடிக்கும் பட்டையைக் குழாயில் நேராக இறுக்கினால் சிங்கிள் சிலிண்டர் அதிர்வில் கூலரின் காதுகள் (போல்ட் மாட்டும் துண்டுகள்) பற்றவைத்த இடத்தில் விரியும். குழாய்க்கும் கிளாம்புக்கும் நடுவே 3 மி.மீ. ரப்பர், கூலர் காதுகளில் ரப்பர் புஷ், புஷ்ஷுக்குள் ஸ்டீல் குழல் — இந்த மூன்றும் வேண்டும். குழல் இல்லாவிட்டால் போல்ட்டை இறுக்கும்போது ரப்பர் நசுங்கித் தட்டையாகி, புஷ் இருந்தும் இல்லாததாகிவிடும்.

இறுதியாக இறுக்குவதற்கு முன் ஃபோர்க்கை முழுக்க அமுக்கிப் பார்க்க வேண்டும். இந்த வண்டியில் முன்பக்கம் 130 மி.மீ. இறங்கும். வேகத்தடையில் விழும்போது மட்கார்டு மேலேயும் பின்னேயும் வரும். லாரி சரக்குக் கட்டும் ராட்செட் பெல்ட்டால் ஹேண்டிலையும் முன் ஆக்சிலையும் சேர்த்து இழுத்துக் கட்டி, ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்புங்கள். அப்போதும் கூலருக்கும் மட்கார்டுக்கும் 25 மி.மீ. இடைவெளி மிச்சம் இருக்க வேண்டும்.

ஹோஸ் மாட்டும் துளைகள் மேலே பார்க்கும்படி கூலரை வையுங்கள். கீழே பார்த்தால் வண்டி நிற்கும்போது ஆயில் முழுக்க வடிந்து, ஒவ்வொரு காலையும் கூலரை நிரப்பிய பிறகுதான் எஞ்சினுக்கு ஆயில் கிடைக்கும். மேலே இருந்தால் ஆயில் உள்ளேயே நிற்கும், காற்றும் தங்காது.

ஃபில்டரும் பெண்ட் பைப்பும் (எஞ்சினிலிருந்து புகை போகும் குழாய்) ஒரே வலது பக்கம். ஹோஸ் பெண்ட் பைப்பிலிருந்து குறைந்தது 40 மி.மீ. தள்ளிப் போகட்டும். இடையில் 1 மி.மீ. அலுமினியத் தகடு ஒன்று நின்றால் நல்லது. இங்கே கசிந்தால் ஆயில் ஒன்று சூடான பைப்பில் விழும், அல்லது காற்றில் பின்னால் போய்ப் பின்டயரில் விழும்.

ஃபேனும் அதன் கூடும்

ஃபேன் கூலருக்குப் பின்னால் நின்று இழுக்க வேண்டும். முன்னால் வைத்தால் சேறும் கல்லும் மோட்டாரில் அடிக்கும், மட்கார்டு இடைவெளியையும் தின்னும். "பின்னால் வைத்தால் சூடான காற்று எஞ்சினில் அடிக்காதா" என்று கேட்பார்கள். அடிக்கும், 60 டிகிரிக் காற்று. ஹெட் ஃபின் அதைவிட மிகவும் சூடாக இருப்பதால் அந்தக் காற்றும் அதைக் குளிர்விக்கவே செய்கிறது.

ஃபேனைக் கூலரோடு ஒட்டி ஜிப் டை போட்டுக் கட்டினால் ஃபேன் வட்டத்துக்கு நேராக உள்ள ஃபின் மட்டும் குளிரும், மூலைகள் சும்மா. போதாததற்கு, தள்ளிய காற்றே பக்கவாட்டில் சுற்றி மறுபடி முன்னால் வரும். அதனால் 1.5 மி.மீ. அலுமினியத் தகட்டில் கூடு ஒன்று மடித்து, ஃபேன் ஃபின்னிலிருந்து 15 மி.மீ. தள்ளி நிற்கும்படி செய்ய வேண்டும். கூட்டின் ஓரம் முழுக்க ஸ்பாஞ்ச் பட்டை ஒட்டிக் கூலரின் சட்டத்தோடு அடைக்க வேண்டும். விரல் நுழையும் சந்து ஒன்று இருந்தாலும் ஃபேன் கஷ்டப்பட்டு ஃபின் வழியாக இழுக்காது, அந்தச் சந்து வழியாக இழுத்துக்கொள்ளும்.

ஆனால் இப்படி முழுக்க மூடினால் ஓடும்போது காற்று ஃபேன் துளை வழியாக மட்டும்தான் வெளியேற முடியும். 60 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 16.7 மீட்டர் காற்று. ஃபேன் தன் 120 மி.மீ. வட்டத்தில் தள்ளுவதோ நொடிக்கு 2 மீட்டர் சுமார். நல்ல காற்றை நாமே அடைத்த மாதிரி ஆகிவிடும். தீர்வு: கூட்டின் பின்சுவரில், ஃபேனுக்கு இரண்டு பக்கமும் 40 × 25 மி.மீ. ஜன்னல் ஒன்றொன்று வெட்டி, வெளிப்பக்கம் சைக்கிள் டியூப் ரப்பரைத் திரை மாதிரி மேல்விளிம்பில் மட்டும் ரிவெட் அடிக்க வேண்டும். ஃபேன் இழுக்கும்போது உள்ளே காற்றழுத்தம் குறைவதால் திரை தானாக ஒட்டி மூடிக்கொள்ளும். வண்டி ஓடும்போது முன்னாலிருந்து வரும் காற்று அதைத் தள்ளித் திறந்துகொண்டு போகும். கார் ரேடியேட்டர் கூடுகளிலும் இந்த ரப்பர் மடல்கள் உண்டு.

ஃபேன் எந்தப் பக்கம் ஊதுகிறது என்று மாட்டும் முன் ஒரு துண்டுப் பேப்பரைப் பிடித்துப் பாருங்கள். ஒயரை மாற்றிக் கொடுத்தால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும், ஆனால் இறக்கையின் வளைவு அதற்கு ஏற்றதல்ல. பாதிக் காற்றுகூட வராது.

ஒயரிங்

பேட்டரி பிளஸ்ஸிலிருந்து பத்து சென்டிமீட்டருக்குள் 7.5 ஆம்பியர் ஃபியூஸ், அங்கிருந்து ரிலேயின் 30 என்ற முனைக்கு. 87 ஃபேனுக்கு. ஃபேன் மைனஸை பெயிண்ட் அடித்த சேசிஸில் கொடுக்காமல் பேட்டரி மைனஸுக்கே கொண்டுபோங்கள். 1 சதுர மி.மீ. ஒயர் போதும். 86-க்கு சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் ஒயர், பிரேக் லைட் ஸ்விட்ச்சுக்கு வருவது வசதி. 85-லிருந்து தெர்மல் ஸ்விட்ச் வழியாக எர்த். 85, 86-க்குக் குறுக்கே 1என்4007 டயோடு, வெள்ளிக் கோடு உள்ள பக்கம் 86-இல்.

தெர்மல் ஸ்விட்ச்சுக்குக் கடைகளில் கிடைக்கும் கே.எஸ்.டி. 301 போதும், 90 டிகிரி, சூடானால் சேரும் ரகம். அதன் மேல் 10 ஆம்பியர் என்று போட்டிருப்பது 250 வோல்ட் ஏ.சி.க்கு. டி.சி. மோட்டாரை நேராக அதில் ஓட்டினால் பொறி பறந்து முனைகள் ஒட்டிக்கொள்ளும், அதற்குத்தான் ரிலே. சூடானால் பிரியும் ரகமும் அதே தோற்றத்தில் அதே கடையில் கிடக்கும், அதனால் கொதிக்கும் தண்ணீரில் ஸ்விட்ச்சின் உலோக முகத்தை மட்டும் தொடவைத்து மல்டிமீட்டரில் பார்த்துவிடுங்கள். சென்னையில் இது நம்பகமான சோதனை. ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரி சுமாரிலேயே கொதித்துவிடும். 95 டிகிரி ஸ்விட்ச்சை அங்கே சோதித்து, நல்ல ஸ்விட்ச்சைக் கெட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

ஸ்விட்ச்சை ஆயில் உள்ளே வரும் பேன்ஜோவின் உலோகத்தில், ஹீட் சிங்க் பேஸ்ட் தடவி, தகட்டுப் பட்டையால் இறுக்க வேண்டும். வெளியே தொடும் உலோகம் ஆயிலைவிட 5 முதல் 10 டிகிரி குறைவாகவே இருக்கும், அதனால்தான் 90. ஸ்விட்ச்சில் ஒயர் மாட்டும் கால்களை ஷ்ரிங்க் ஸ்லீவும் சிலிகானும் கொண்டு மூடாவிட்டால் முதல் மழையில் தண்ணீர் ஏறும்.

எஞ்சினை நிறுத்திய பிறகும் ஃபேன் ஓடட்டும் என்று கார் மாதிரி வைக்காதீர்கள். எஞ்சின் நின்றால் பம்ப் நிற்கும், ஆயில் ஓடாது. ஃபேன் கூலரில் நிற்கும் கொஞ்சம் ஆயிலை மட்டும் குளிர்வித்து, பேட்டரியைத் தின்னும்.

மாட்டி முடித்ததும் ஐடிலில், ஹெட்லைட் எரிய, ஃபேன் ஓட, பேட்டரி முனையில் வோல்ட் பாருங்கள். 13-க்கு மேலே நின்றால் கவலையில்லை. 12.6-க்குக் கீழே இறங்கிக்கொண்டே போனால் ஃபேன் பேட்டரியிலிருந்து கடன் வாங்குகிறது; சின்ன ஃபேனுக்கு மாறுங்கள்.

ஆயில் ஊற்றிக் கிளப்புவது

ஒரு மீட்டர் 8 மி.மீ. ஹோஸில் 50 மி.லி. நிற்கும், கூலரில் 150 முதல் 200. இந்த 200-250 மி.லி. கூடுதலாக வேண்டும். மாட்டும்போதே கூலரில் ஆயிலை ஊற்றி நிரப்பிவிடுங்கள். இரண்டு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, கேப்போடு எஞ்சினில் எர்த் படும்படி வைத்து, திரும்பி வரும் பேன்ஜோவை அரைச் சுற்றுத் தளர்த்தி, ஐந்து ஐந்து நொடியாக ஸ்டார்ட்டர் கொடுங்கள். குமிழி இல்லாத ஆயில் வந்ததும் இறுக்கலாம். வராவிட்டால் எஞ்சினைக் கிளப்பக் கூடாது. அடாப்டரைக் கழற்றிப் பாருங்கள்.

இரண்டு நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு, நிறுத்தி, சென்டர் ஸ்டாண்டில் சில நிமிடம் கழித்து எஞ்சினின் வலது பக்கம் ஆயில் தெரியும் சின்னக் கண்ணாடியில் லெவல் பார்த்து மீதியை ஊற்றுங்கள். கூடுதலாக ஊற்றினால் எஞ்சின் மூச்சு விடும் பிரீதர் குழாய் வழியாக ஏர் ஃபில்டர் பெட்டிக்கு ஆயில் போகும்.

வேலை செய்கிறதா

உச்சி வெயிலில் பதினைந்து நிமிடம் ஐடிலில் விட்டு, ஃபேன் ஓடும்போது கூலரின் நுழைவு, வெளியேற்றம் இரண்டு பேன்ஜோவிலும் தெர்மோகப்பிள் வையுங்கள். 8 முதல் 15 டிகிரி வித்தியாசம் என்றால் எல்லாம் சரி. நுழைவு நல்ல சூடு, வெளியேற்றம் கை வைக்கும் அளவு வெதுவெதுப்பு என்றால் கூலிங் பிரமாதம் என்று சந்தோஷப்பட வேண்டாம். ஆயில் சொட்டுச் சொட்டாகத்தான் போகிறது. தெர்மோஸ்டாட் பாதி திறந்தோ, கூலர் அடைத்தோ, காற்று தங்கியோ இருக்கும். இரண்டும் ஒரே சூடு, வித்தியாசம் 2-3 டிகிரி என்றால் காற்றில் கோளாறு: கூட்டில் சந்து, அல்லது ஃபேன் எதிர்ப்பக்கம். இரண்டுமே ஆறிப்போய்க் கிடந்து எஞ்சின் மட்டும் கொதித்தால் ஆயில் கூலருக்கே வரவில்லை.

ஃபேன் ஓயாமல் ஓடினால், ஓடும் சாலையிலும் நிற்காவிட்டால், ஸ்விட்ச் பெண்ட் பைப்பின் சூட்டை வாங்குகிறதா என்று முதலில் பாருங்கள். நடுவில் ஒரு சின்னத் தகடு வைத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

500 கி.மீ. கழித்துக் கிளாம்ப், பேன்ஜோ எல்லாவற்றையும் ஒருமுறை சரிபார்க்கவும். ஹோஸ் எதையாவது தொட்டு உரசும் இடத்தில் கறுப்புத் தூள் தெரியும், அங்கே ஸ்லீவ் போடுங்கள். ஆயில் மாற்றும்போது கூலருக்குள் பழைய ஆயில் 200 மி.லி. அப்படியே நிற்கும், வருடத்துக்கு ஒருமுறையாவது ஹோஸைக் கழற்றிக் கவிழ்த்து வடித்துவிட வேண்டும். வாட்டர் சர்வீஸில் பிரஷர் கன்னைக் கூலருக்கு நேராகப் பிடிக்க விடாதீர்கள். ஃபின் மடங்கிவிட்டால் பழைய ஏ.டி.எம். கார்டின் மூலையைச் சந்தில் விட்டு ஒவ்வொன்றாக நிமிர்த்தலாம். ஸ்க்ரூ டிரைவரை விட்டால் குழாய் ஓட்டையாகும்.